வாய் நெல்லும் வயித்து நெல்லும்

என்னட்டி, ஒரே நாள்ல நூறு பாரமா? பலே! மத்தியானச் சோறு வேகுததுக்குள்ள நூறு பேரைப் பிடிச்சு, பீடி உண்டா, சிகரெட்டு உண்டான்னு கேட்டு, டேப்லட்ல தட்டி முடிச்சுட்டியா? நான் நாப்பது வருசம் நெல்லுத் தரகு பாத்தவன். ஒரு நாள்ல நூறு மூட்டைய நல்லாப் பாத்தேன்னு எவனாவது சொன்னான்னா, அவன் மூட்டையப் பாக்கலை, களத்து வாசல்ல நின்னு காப்பி குடிச்சிருக்கான்னு அர்த்தம். எங்கன நின்ன நீ? மறைக்காமச் சொல்லு. டீக்கடையில. பொறவு பஸ் ஸ்டாண்டுல. அதுக்குப் பொறவு ரேசன் கடை வரிசையில. ஆமா, எங்கன நிழல் உண்டோ அங்கன நின்னிருக்க. நல்ல பிள்ளை. மேலு கறுக்காது.

ஒரு கதை சொல்லுதேன், கேட்டியா. பிசான அறுப்பு முடிஞ்ச சமயம். ஒரு சம்சாரி அறுவது மூட்டை கொண்டாந்து அடுக்கியிருக்கான். எல்லா மூட்டைக்கும் வாயை அவுத்துப் போட்டுட்டு, “அள்ளிப் பாருங்க அண்ணாச்சி”ங்கான். அள்ளினேன். தங்கம்! கலகலன்னு காஞ்சு கெடக்கு. அவன் அவ்வளவு ஆசையா வாயைத் தொறந்து காட்டும்போதே எனக்கு வெளங்கிப் போச்சு. இடுப்புல இருந்த குத்தூசிய உருவி மூட்டையோட வயித்துல ஒரு குத்து. உள்ளயிருந்து ஈர நெல்லும் பதரும்லா கொட்டுது! “சாக்கு ஓட்டையாயிருமே அண்ணாச்சி”ன்னான். உன் சாக்குல ஓட்டை இல்ல வே, உன் பேச்சுலதான் ஓட்டைன்னேன். அன்னையில இருந்து அவன் என்னைக் கண்டா தெரு மாறிப் போவான்.

இன்னைக்குக் கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாதுன்னு மீட்டர் வச்சுப் பாக்காங்க. மீட்டர் பொய் சொல்லாது. ஆனா மீட்டர்ல போடுத அந்த ஒரு பிடி நெல்லை எந்த மூட்டையில, எந்த எடத்துலயிருந்து எடுத்தான்? சூட்சுமம் முழுக்க அங்கனதான் கெடக்கு. உன் டேப்லட்டும் மீட்டர் மாதிரிதான். நீ எதைப் போடுதியோ அதைத் தசம புள்ளியோட திருப்பிச் சொல்லும்.

டீக்கடை மூட்டை வாய், ஏட்டி. அங்கன யாரு நிக்கா? ஆம்பளை. அவன் எதுக்கு நிக்கான்? ஒரு கையில டீ, மறுகையில பீடி, அதுக்குத்தான் நிக்கான். அவன்கிட்டப் போயி புகை உண்டான்னு கேட்டா என்ன சொல்லுவான்? உன் கணக்குப்படி ஊர்ல பாதிப் பேரு புகைக்கான். சந்தோசம். மென்னு துப்புதவங்க எத்தனை பேரு? நாலே நாலா! முந்தாநாளு ராத்திரி நீதானே எனக்கு அந்த ரிப்போர்ட்ட வாசிச்சுக் காட்டின? 2016-17ல நாடு முழுக்க எடுத்த வயசு வந்தோர் புகையிலை சர்வே. புகையிலைய ஏதாவது ஒரு வழியில தொடுதவங்க நூத்துக்கு 28.6. அதுல புகைக்கவங்க 10.7, மெல்லுத, அடக்குத, உறிஞ்சுத கூட்டம் 21.4. ரெண்டையும் பண்ணுத மகராசனும் உண்டு, அதனாலதான் கூட்டினா கணக்கு இடிக்கும். ஆக, புகைக்கவனை மாதிரி ரெண்டு மடங்கு ஆளு புகையில்லாத புகையிலைய வச்சிருக்கான். அவன் எதுக்கு டீக்கடைக்கு வாரான்? வாயில புகையிலைய அடக்கிக்கிட்டு டீ எப்படி குடிக்க? களையெடுக்க பொம்பளை மடியில முடிஞ்சு வச்சிருக்கா. உங்க ஆச்சி சுருக்குப்பையில வச்சிருக்கா. அவ டீக்கடைப் படி மிதிச்சு நீ பாத்திருக்கியா?

நாளைக்கு வாட்ஸப்புல லிங்க் அனுப்பப் போறியாக்கும். ஆயிரம் பேருக்கு ஒரே தட்டுல போயிரும்னு சொல்லுத. போகும். திரும்பி யாரு வருவா? போனு உள்ளவன், அதுல படிக்கத் தெரிஞ்சவன், உன்மேல பிரியம் உள்ளவன், அன்னைக்கு வேற சோலி இல்லாதவன். நெறைய வந்தாச் சரியாயிரும்னு நினைக்காதட்டி. அமெரிக்காவுல 1936ல லிட்டரரி டைஜஸ்ட்னு ஒரு பத்திரிகை, தேர்தல்ல யாரு செயிப்பான்னு ஒரு கோடிச் சீட்டு அனுப்பிச்சு. போன் வச்சிருக்கவன், கார் வச்சிருக்கவன் பட்டியலப் பாத்து அனுப்பினது. சுமார் 24 லட்சம் சீட்டு திரும்பி வந்துச்சு. லாண்டன்தான் செயிப்பாருன்னு அடிச்சுச் சொன்னாங்க. ரூஸ்வெல்ட் 48 மாநிலத்துல 46ஐ வாரிக்கிட்டுப் போனாரு. பஞ்ச காலத்துல காரும் போனும் உள்ளவன் எந்தப் பக்கம் சாய்வான்னு நம்ம ஊர் வெட்டியானைக் கேட்டாலே சொல்லியிருப்பான். அதே தேர்தல்ல கேலப்புன்னு ஒருத்தர் அதுல கொஞ்சூண்டு பேரைக் கேட்டுச் சரியாச் சொல்லிட்டாரு. ஒரு கோடி தடவை அள்ளினாலும் மூட்டை வாயில அள்ளினா வாய் நெல்லுதான்.

சிரிக்காத. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு நீதானே பெரிய மனுசியாட்டம் பழமொழி விட்ட? அந்தப் பழமொழிய உண்டாக்கினவளுக்குச் சமையல் தெரியும். அவ முதல்ல கரண்டிய விட்டு அடியோட கிண்டிட்டுத்தான் ஒரு சோத்தை எடுத்து நசுக்கினா. கிண்டாத பானையில மேல அரிசி, நடுவுல சோறு, அடியில தீயல். ஊருன்னா அது கிண்டாத பானைலா? அக்ரகாரம் ஒரு பக்கம், பீடித்தெரு ஒரு பக்கம், காலனி ஆத்துக்கு அந்தப் பக்கம். ஊரை உன்னால கிண்ட முடியாது. அதனால சோறு எடுக்க கைய மாத்தணும்.

கைன்னதும் உன் கையைச் சொல்லலை. நீ கண்ணை மூடிக்கிட்டு எந்த வீட்டைத் தொட்டாலும், அது நாய் இல்லாத வீடாத்தான் இருக்கும். உன் மனசுக்குத் தெரியாம உன் காலு தேர்ந்தெடுத்திரும். திண்ணை உள்ள வீடு, தண்ணி குடுக்க வீடு, சிரிச்ச முகம். அதுக்குப் பேரு குத்துமதிப்பு. குலுக்கல் வேற. குலுக்கல்ல ஊர்ல உள்ள ஒவ்வொருத்தனுக்கும், உனக்குப் பிடிக்காதவனுக்கும், எடம் உண்டு. எவ்வளவு எடம்னு முன்கூட்டியே கணக்காச் சொல்லவும் முடியும். அந்தக் கணக்குதான் உங்க படிப்புக்கே அச்சாணி.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்குன்னு நினைக்காத. உத்திரமேரூர்க் கல்வெட்டு இருக்கே, பராந்தக சோழன் காலத்துது, ஆயிரத்து நூறு வருசம் ஆச்சு. ஊர்ச்சபை வாரியத்துக்கு ஆளெடுக்க, ஊரை முப்பது குடும்பா, அதாவது வார்டாப் பிரிச்சான். ஒவ்வொரு குடும்புக்கும் ஓலையில பேரெழுதிக் கட்டி, குடத்துல போட்டுக் குலுக்கி, உள்ள என்ன இருக்குன்னு அறியாத ஒரு சின்னப் பயலை விட்டு எடுக்கச் சொன்னான். அந்த ஓலைய வாங்குதவன் அஞ்சு வெரலையும் அகல விரிச்சு உள்ளங்கையில வாங்கணும்னு எழுதி வச்சிருக்கான் பாரு, அங்கதான் அவன் நம்மாளு. விரலிடுக்குல வேற ஓலைய ஒளிச்சு மாத்துத கை அன்னைக்கே உண்டு போல! முப்பது குடும்பையும் தனித்தனியாக் குலுக்கினதும் ஒரு வித்தை. எல்லாத்தையும் ஒரே குடத்துல போட்டா ஒரே தெருவுக்கு நாலு பேரு விழுந்து, இன்னொரு தெருவுக்கு ஒண்ணும் விழாமப் போயிரலாம்லா. நீங்க அடுக்குன்னு சொல்லுதீங்களே, அதுதான் இது. நகரம் தனி, கிராமம் தனி, பீடி சுத்துத ஊரு தனின்னு பிரிச்சு வச்சுக்கிட்டு அது அதுலயிருந்து எடுக்கது.

ஆனா அந்தக் குடத்துக்குள்ள யாரு பேரெல்லாம் போச்சுன்னு கேளு. கால் வேலிக்கு மேல வரி கட்டுத நிலம், சொந்த மனையில வீடு, வேதப் படிப்பு, 35 வயசுக்கு மேல. பொம்பளை கிடையாது, கூலிக்காரன் கிடையாது, குடத்தைச் செஞ்சு குடுத்த குயவனுக்கே கிடையாது. குலுக்கல் சுத்தம், குடத்துல பாதி ஊரு இல்ல. உன் சர்வேயும் இந்த எடத்துலதான் கவுரும். வாக்காளர் பட்டியல் இருக்குல்லா தாத்தா, அதுல இருந்து எடுக்கேங்க. சரிதான். உன் சர்வே 15 வயசுல ஆரம்பிக்குது, வாக்கு 18ல. பதினாறு வயசுல கம்மாய்க்கரையில முதல் பீடியப் பத்த வைக்கானே, அவன் பேரு அதுல எங்க இருக்கு? ஆனா மூணாம் வருசம் செத்துப்போன நம்ம மேலத்தெரு அண்ணாச்சி பேரு இன்னும் இருக்கும். அவரு ஒரு நாளைக்கு ரெண்டு கட்டுப் பீடி குடிச்ச மனுசன். போயி எழுப்பிக் கேளு.

அதுக்குத்தான் வீடு வீடா நடந்து சொந்தமாப் பட்டியல் போடணும். கை வலிக்கும், காலு வலிக்கும், வேற வழியில்ல. நம்ம வளவையே எடுத்துக்க. தெருவுல இருந்து பாத்தா ஒரு வாசல், ஒரு நம்பரு. உள்ள நுழைஞ்சா எட்டு அடுப்பு எரியுது. வாசலை எண்ணினா ஒண்ணு, அடுப்பை எண்ணினா எட்டு. செங்கச்சூளைக்கு வந்து தங்கியிருக்க வடக்கத்திப் பயலுகளையும் எண்ணணும். கைனிய உள்ளங்கையில தேச்சுத் தேச்சு வைக்கான், அது அவன் ஊர் வெத்தலை. அவன் ரேசன் கார்டுலயும் இல்ல, வாக்குலயும் இல்ல, உன் வாட்ஸப்புலயும் இல்ல. இன்னொண்ணு, வீட்டைக் குலுக்குத சர்வேயில ஆஸ்டல், ஆஸ்பத்திரி, செயிலு, பட்டாளம் இதெல்லாம் வராது. அதை வராதுன்னு ரிப்போர்ட்டுல எழுதிட்டுப் போ. எல்லாரையும் கேட்டேன்னு மட்டும் எழுதாத.

பட்டியல் போட்டாச்சு, குலுக்கியாச்சு. மாவட்டம் முழுக்க அங்கொண்ணு இங்கொண்ணா ஆயிரம் வீடு விழுது. பாவநாசத்துல ஒண்ணு, உவரிக் கடற்கரையில ஒண்ணு. பஸ் காசுல உங்க பேராசிரியர் வீட்டை வித்தாலும் காணாது. அதனால முதல்ல கொஞ்சம் ஊரைக் குலுக்கி எடுத்துக்கிட்டு, அந்த ஊருக்குள்ள வீட்டைக் குலுக்கணும். இதுல ஒரு நியாயம் இருக்கு. நானூறு மூட்டை உள்ள கிட்டங்கிக்கும் நாப்பது மூட்டை உள்ள கிட்டங்கிக்கும் சம சீட்டுப் போடலாமா? பெரிய கிட்டங்கிக்குப் பத்துச் சீட்டு, சின்னதுக்கு ஒரு சீட்டு. பொறவு எந்தக் கிட்டங்கி விழுந்தாலும் அதே இருபது மூட்டைதான் குத்தணும். பெருசுல விழுத வாய்ப்பு பத்து மடங்கு, உள்ள போனப் பொறவு ஒரு மூட்டை சிக்குத வாய்ப்பு பத்துல ஒண்ணு. ரெண்டும் அடிச்சுக்கிட்டு, கடைசியில எல்லா மூட்டைக்கும் ஒரே நியாயம். இதைப் புஸ்தகத்துல நாலு பக்கம் எழுதியிருக்கான், நான் கிட்டங்கியில ஒரு வெத்தலை மெல்லுத நேரத்துல சொல்லிட்டேன்.

ஆனா இதுக்கு ஒரு வட்டி கட்டணும். ஒரே தெருவுல இருபது பேரைக் கேட்டா இருபது சேதி வராது. பீடித்தெருவுல ஒரு வீட்டுல தட்டுல தூள் கெடந்தா அடுத்த வீட்டுலயும் கெடக்கும். ஒரே கிட்டங்கி நெல்லு ஒரே ஈரம். உன் பேராசிரியர் எத்தனை பேரைக் கேக்கணும்னாரு? ஊர்ல இருபது சதவீதம் பேருக்குப் பழக்கம் உண்டுன்னு வச்சுக்கிட்டு, முன்னப்பின்ன மூணு சதவீதத்துக்குள்ள சொல்லணும், நூறு தடவை சர்வே எடுத்தா 95 தடவை தப்பக்கூடாதுன்னா, 683 பேரு போதும். அது தனித்தனியாக் குலுக்கினா. தெருவுக்கு இருபதுன்னு மொத்தமா எடுத்தா, தெருக்காரன் ஒருத்தனுக்கொருத்தன் கொஞ்சம் ஒத்துப்போனாலே கணக்கு ரெண்டு மடங்காயிரும். 1,366. அந்த மூணை ஒன்றரையாக் குறைக்கணும்னு ஆசைப்பட்டாயா, ரெண்டு மடங்கு பத்தாது, நாலு மடங்கு. ஆசைக்கு விலை எப்பவும் நாலு மடங்குதான், உங்க பெரியப்பன் கல்யாணத்துல பாத்தோமே.

ஊரு பெருசாச்சே, நெறையக் கேக்கணுமேன்னு சிலபேரு குழம்புதாங்க. இல்லட்டி. அறுவதாயிரம் மூட்டையா ஆறு லட்சம் மூட்டையாங்கதைப் பத்திக் குத்தூசிக்குக் கவலை கிடையாது. அந்தப் பெரிய சர்வேயில 74,037 பேரைக் கேட்டாங்களே, அது இந்தியா பெருசுங்கதுக்காக மட்டும் இல்ல. ஒவ்வொரு மாநிலமும் எனக்குத் தனியாச் சொல்லு, ஆம்பளைக்கு என்ன பொம்பளைக்கு என்ன, டவுனுக்கு என்ன பட்டிக்காட்டுக்கு என்னன்னு வரிசையில நிக்குல்லா, அதுக்கு.

இந்தக் குலுக்கல் வித்தை நம்ம நாட்டுல வயக்காட்டுல பழகினது, அது உனக்குப் பாடத்துல உண்டா? 1931ல கல்கத்தாவுல புள்ளியியல் நிறுவனம் ஆரம்பிச்ச மகலனோபிஸ், வங்காளத்துச் சணல் காட்டுல குலுக்கல் போட்டுத்தான் கை தேறினாரு. நானும் ஒரு தடவை பயிர் அறுவடைப் பரிசோதனைக்கு ஆளா நின்னேன். அஞ்சு மீட்டருக்கு அஞ்சு மீட்டர் கயிறு கட்டி, அதுக்குள்ள உள்ளதை மட்டும் அறுத்து, அடிச்சு, நிறுத்து, அந்த ஊரு முழுக்க எவ்வளவு விளையும்னு சொல்லணும். சர்வே நம்பரைக் குலுக்கி எடுத்தாச்சு. அது வாய்க்கா தாண்டி, முழங்கால் சேத்துல அரை மைல். வந்த ஆபீசர் செருப்பைப் பாத்தாரு, சேத்தைப் பாத்தாரு, ரோட்டோரத்து வயலைப் பாத்தாரு. “இதுவும் அதே நெல்லுதானே பெரியவரே?”ன்னாரு. அதே நெல்லுதான் சாமி, ஆனா ரோட்டோரத்துக்காரனுக்கு வாய்க்கால் மடை தலைமாட்டுல. உள்காட்டுக்காரனுக்கு மிச்சத் தண்ணிதான். நீங்க இதை அறுத்தா இந்த வருசம் எல்லாருக்கும் நல்ல விளைச்சல்னு ஆகிரும், உள்காட்டுக்காரனுக்கு இன்சூரன்சு வராதுன்னேன். மனுசன் செருப்பைக் கழட்டினாரு. நீ டீக்கடைய விட்டு எறங்கணும்னா நான் இதைத்தான் சொல்லணும்.

அந்தக் கயிறு விசயத்துலயே பெரிய சண்டை நடந்திருக்கு. மகலனோபிஸ் சின்னச் சின்னத் துண்டா அறுத்தாப் போதும்னாரு. சுகாத்மேன்னு இன்னொரு பெரிய ஆளு, துண்டு சின்னதாச்சுன்னா விளைச்சல் கூடுதலாத்தான் காட்டும்னாரு. ஏன் தெரியுமா? எல்லைக்கயிறு மேல நிக்க கதிரை, அறுக்கவன் மனசறியாம உள்ள இழுத்துக்கிடுவான். துண்டு சின்னதாக ஆக, எல்லையில நிக்க கதிருதான் சாஸ்தி. உன் சர்வேயிலயும் எல்லைக் கதிரு ஏராளம். திருப்பூர்ல வேலைக்குப் போயி மாசம் ஒருக்கா வார மகன் இந்த வீட்டு ஆளா, திருப்பூர் ஆளா? கல்யாணம், சாவு வீட்டுல மட்டும் சிகரெட்டு பிடிக்கவன் உண்டா, இல்லையா? போன மாசம் விட்டவன்? இதையெல்லாம் வாசப்படியில நின்னு உன் இஷ்டத்துக்கு முடிவு பண்ணாத. கிளம்புததுக்கு முன்ன காகிதத்துல எழுதி வச்சுக்க. மகலனோபிஸ் இன்னொரு குசும்பும் பண்ணியிருக்காரு. ஒரே எடத்துக்கு ரெண்டு கூட்டத்தைத் தனித்தனி மாதிரியோட அனுப்பி, ரெண்டு பேரு சொல்லுததும் ஒத்துப்போகுதான்னு பாப்பாரு. தரகனை நம்பாம ரெண்டாவது தரகனை அனுப்புத வேலை. எனக்கு அவரை அதுக்காகவே பிடிச்சுப்போச்சு.

இப்போ வீட்டுக்குள்ள வா. கதவைத் தட்டின. யாரு தொறப்பா? பதினொரு மணிக்குத் தொறக்கவ ஒரு மருமவ, இல்லைன்னா என்னை மாதிரி ஒரு கிழடு. அவங்களையே கேட்டுட்டு வந்தேன்னா, ஊர்ல உள்ளவன் எல்லாம் ஒண்ணு மருமவ, இல்லை கிழடுன்னு ஆகும். வேலைக்குப் போன ஆம்பளைக்குப் பதிலா அவன் பொண்டாட்டிட்ட கேக்கலாம்னு மட்டும் நினைக்காத. புருசன் பீடி குடிக்கது பொண்டாட்டிக்குத் தெரியும், பொண்டாட்டி பொடி போடுதது புருசனுக்குத் தெரியாது. நாப்பது வருசம் ஒண்ணா இருந்தாலும் தெரியாது. மகன் விசயம் ரெண்டு பேருக்குமே தெரியாது.

லெஸ்லி கிஷ்னு ஒருத்தரு, அன்னைய ஹங்கேரியில பிறந்து அமெரிக்காவுல உக்காந்தவரு, 1949லயே இதுக்கு ஒரு கட்டம் போட்டுக் குடுத்துட்டாரு. வீட்டுல உள்ளவங்க பேரையெல்லாம் வயசு வரிசையில எழுது, இந்த வீட்டுக்கு எத்தனாவது ஆளுன்னு கட்டம் சொல்லும், அந்த ஆளைத்தான் கேக்கணும், வேற ஆளைக் கேக்கப்படாது. இப்போ அதை டேப்லட்டே குலுக்கிச் சொல்லிருது. அந்த ஆளு வீட்டுல இல்லையா? சாயங்காலம் போ. அப்பவும் இல்லையா? ஞாயித்துக்கிழமை போ. பூட்டின வீட்டுக்குப் பதிலா பக்கத்து வீட்டை எழுதிக்கிடுதேன்னு சொல்லாத, என் காது கேக்க அதைச் சொல்லாத. பூட்டின வீட்டுக்காரன் வேற சாதி நெல்லு. அவன் வெள்ளன கிளம்பி ராத்திரி வாரவன், லாரி ஓட்டுதவன், கட்டட வேலைக்காரன். ராத்திரி முழிச்சு வண்டி ஓட்டுதவன் வாயில என்ன இருக்கும்னு நீயே சொல்லு.

இன்னொண்ணையும் கேட்டுக்க. உங்க அத்தை ஒத்தையில இருக்கா. அவ வீடு விழுந்தா அவளேதான். நம்ம வீட்டுல அஞ்சு பேரு, அதுல ஒருத்தர்தான். ஆக நம்ம வீட்டுல விழுந்த ஆளோட பேச்சை அஞ்சு பங்காப் பெருக்கித்தான் எடைபோடணும், அத்தை பேச்சு ஒரு பங்கு. இதை மறந்தேன்னா ஊரு முழுக்க ஒத்தைக் கிழவி ராச்சியமாயிரும். அத்தைக்கு இதைச் சொல்லிராத, சண்டைக்கு வருவா.

கேக்க விதத்துலயும் உன் நூறு பாரம் படுத்திருச்சு. “புகையிலை உபயோகப்படுத்துவீர்களா?”ன்னு கலெக்டர் ஆபீஸ் தமிழ்ல கேட்டா யாரு ஆமாம்பா? அவளுக்கு அது புகையிலை இல்லட்டி, அது வெத்தலை. வெத்தலைக்குள்ள என்ன இருக்குன்னு நீ கேக்கலை, அவ சொல்லலை. ஒவ்வொண்ணாப் பேர் சொல்லிக் கேளு. பீடி, சிகரெட்டு, சுருட்டு, வெத்தலையோட புகையிலை, மூக்குப்பொடி, பல்லுல தேய்க்க பொடி, பாக்கெட்டு அயிட்டம். பாக்கெட்டைப் பத்திக் கேக்கும்போது பைய கேளு. 2013லயே குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தமிழ்நாட்டுல தடை போட்டாச்சு. கழுத்துல அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கிட்டு நீ போயி நின்னா, உன்னை ரெய்டுன்னு நினைச்சுக் கடைக்காரனே கடைய அடைச்சிருவான். சந்தேகம்னா கொஞ்சப் பேருக்கு எச்சில் எடுத்து, அதுல புகையிலைத் தடயமான கோட்டினின் பாக்கலாம்னு சொன்னேல்லா? பாரு. நாக்கு மறைச்சதை எச்சில் சொல்லிரும். ஆனா பீடி சுத்துத பொம்பளைக்குத் தொழில்லயே தூள் ஏறும், அதையும் மனசுல வச்சுக்க.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வேற வழி. 2019ல நாடு முழுக்க பிள்ளைகளுக்குன்னே ஒரு சர்வே எடுத்தாங்க, 987 பள்ளிக்கூடம், 97,302 பிள்ளைக. பள்ளிக்கூடத்தைக் குலுக்கி, வகுப்பைக் குலுக்கி, அந்த வகுப்புல உள்ள அத்தனை பேர்ட்டயும் பேர் போடாத தாளைக் குடுத்துட்டாங்க. 13ல இருந்து 15 வயசுக்குள்ள 8.5 சதவீதம் இப்போ புகையிலை உண்டுன்னு எழுதியிருக்கு. வீட்டுல வச்சு அம்மா முன்னாடி கேட்டிருந்தா பூச்சியம்னு வந்திருக்கும். நல்ல வேலைதான். ஆனா ஆறாப்போட நின்னு ஒர்க்சாப்புல ஸ்பேனர் பிடிக்கானே ஒரு பயல், அவன் எந்த வகுப்பு? அவனை மாதிரி பட்டியல்ல அகப்படாத கூட்டத்தைப் பிடிக்க, ஒருத்தனைப் பிடிச்சு அவன் மூலமா இன்னொருத்தன்னு போகலாம், நம்ம மாப்பிள்ளை தேடுத மாதிரி. சேதி கிடைக்கும். ஆனா மாப்பிள்ளை தேடினதை வச்சு ஊர்ல எத்தனை ஆம்பளைன்னு கணக்குச் சொல்லலாமா?

நான் ஏன் இவ்வளவு கத்துதேன்னா, அந்தப் பெரிய சர்வேயில இன்னொண்ணு வாசிச்சேல்லா. 2009-10ல நாடு முழுக்க 34.6 இருந்தது 2016-17ல 28.6ஆ எறங்கிருச்சு. நம்ம தமிழ்நாட்டுல மட்டும் 16.2 இருந்தது 20.0ஆ ஏறியிருக்கு. எனக்கு அன்னைக்குத் தூக்கம் வரலை. முதல் தடவை பம்பாய்ல ஒரு நிறுவனம், ரெண்டாம் தடவை இன்னொரு நிறுவனம், ஆனா ரெண்டும் ஒரே முறைப்படி குத்தியிருக்கு. அதனாலதான் ஏறிச்சுன்னு வாயைத் தொறந்து சொல்ல முடியுது. அடுத்தவன் வந்து டீக்கடையில குத்தி, அதுக்கடுத்தவன் லிங்க் அனுப்பினா, நெல்லு மாறிச்சா குத்தூசி மாறிச்சான்னு எவனுக்குத் தெரியும்?

சரி, இன்னைக்குக் காலையில நடந்ததைச் சொல்லலையே. சொந்தக்காரங்களை நீயே கேக்கக்கூடாதுன்னு நம்ம வளவுக்கு உன்கூடப் படிக்க சங்கரன்கோவில் பிள்ளைய அனுப்பியிருக்காங்க. வந்துச்சு. உன்னை மாதிரி இல்ல, அடுப்பை எண்ணிக் கதவுல சாக்பீஸ்ல நம்பர் போட்டுச்சு. நான் திண்ணையில தயாரா உக்காந்திருக்கேன். எழுவது வருசத்துப் புகையிலை அனுபவம், எது கேட்டாலும் சொல்லலாம். பேரெல்லாம் கேட்டுச்சு, அஞ்சு பேரு, உன் தம்பி பயலுக்குப் பதினாறு ஆச்சு, அவனையும் சேத்து எழுதிச்சு. அவன் முகம் வெளிறிப்போச்சு, அதை நான் கவனிச்சுக்கிட்டேன். டேப்லட்டைத் தட்டிச்சு. “ஆச்சி எங்க?”ன்னுச்சு.

அவளுக்கு என்ன தெரியும், நான் சொல்லுதேன்னேன். “இல்ல தாத்தா, அவங்க பேருதான் வந்திருக்கு”ன்னுச்சு. அதுல உள்ளதை மாத்த முடியாதான்னேன். சிரிச்சுச்சு, மாத்தலை. “நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருங்க தாத்தா”ன்னு என் வீட்டுத் திண்ணையில இருந்து என்னையே எறக்கி விட்டுருச்சு! நான் வெத்தலைச் செல்லத்தைத் தூக்கிக்கிட்டு வேப்பமரத்தடிக்குப் போயிட்டேன். உள்ள அரைமணி நேரம். ஒருதடவை வெத்தலை உரல் சத்தம் கேட்டுச்சு, ஒருதடவை ரெண்டு பேரும் சிரிச்சாங்க.

அந்தப் பிள்ளை போனப் பொறவு, என்னட்டி சொன்ன, பொடி விசயத்தையும் சொல்லிட்டியான்னு உங்க ஆச்சிட்டக் கேட்டேன். சுருக்குப்பைய இழுத்து மூடிக்கிட்டு, “அது எனக்கும் அந்தப் பிள்ளைக்கும் உள்ளது. நீரு போயி மாட்டுக்குத் தண்ணி காட்டும்”ங்கா.